சிறுநீர்ப்பைக் கல்: கத்திக்குப் பயந்து பிறந்த கருவிகள்

லக்னோவில் 1782-ல் ஒரு மனிதர் தன் உடம்புக்குள் தானே ஓர் அரத்தை விட்டுக்கொண்டார்.

அவர் பெயர் கிளாட் மார்ட்டின். பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்து, இளம் வயதில் சிப்பாயாகப் புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்தவர். பிறகு ஆங்கிலேயர் பக்கம் மாறி, அவத் நவாபிடம் வேலை பார்த்துப் பெரும் பணக்காரர் ஆனார். லக்னோவிலும் கொல்கத்தாவிலும் இன்றும் நடக்கும் லா மார்ட்டினியர் பள்ளிகள் அவருடைய சொத்தில் எழுந்தவை. அவ்வளவு காசு இருந்தும், சிறுநீர்ப்பையில் கல் வந்தபோது அவர் எந்த மருத்துவர் கையிலும் தன்னை ஒப்படைக்கவில்லை.

பின்னல் ஊசி அளவுக்கு மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்து, நுனியை அரம் மாதிரி சொரசொரப்பாக்கினார். சிறுநீர்ப்பைக்குள் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றிக்கொண்டு, சிறுநீர் வரும் பாதை வழியாகவே கம்பியை உள்ளே செலுத்தி, கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு நாளில் பல முறை. இப்படியே மாதக்கணக்கில். கல் தூளாகிச் சிறுநீரோடு வெளியே வந்தது. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர அப்போது இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருந்தது.

கேட்கும்போதே உடம்பு கூசுகிறது. ஆனால் மார்ட்டின் பைத்தியக்காரர் அல்ல. அன்று இருந்த இன்னொரு வழி இதைவிட மோசம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கிட்னி ஸ்டோன் வேறு, இது வேறு

‘கல்லடைப்பு’ என்று ஊரில் பொதுவாகச் சொன்னாலும், கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். சிறுநீரகக் கல் சிறுநீரகத்தில் உருவாகி, கீழே இறங்கும் குழாயில் சிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு உருள வைக்கும். சிறுநீர்ப்பைக் கல் பெரும்பாலும் பைக்குள்ளேயே வளர்கிறது. சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தேங்கி நின்றால், அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகும். படிகத்தின் மேல் படிகம் சேர்ந்து கல்லாகும்.

இன்று இந்தக் கல் அதிகம் வருவது 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வெளியேறும் பாதையை நெருக்குவதால் பை முழுசாகக் காலியாவதில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், நீண்ட நாள் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் ஆகியோருக்கும் வரும். அன்றைய நிலைமை வேறு. பால், பருப்பு, இறைச்சி எதுவும் கிடைக்காமல் வெறும் தானியத்தில் வளர்ந்த ஏழைக் குழந்தைகளுக்குத்தான் அது கூட்டம் கூட்டமாக வந்தது. உணவு மேம்பட்ட ஊர்களில் அது ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

அடையாளம் ஒன்றுண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சிறுநீர் திடீரென்று நின்றுவிடும். கல் உருண்டு வந்து வாசலை அடைத்துக்கொள்வதுதான் காரணம். கொஞ்சம் அசைந்து படுத்தால் மறுபடி வரும். அடிக்கடி போகும் உணர்வு, எரிச்சல், நடந்தால் வலி, சிறுநீரில் ரத்தம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தொல்லையை ஆண்டுக்கணக்கில் அனுபவித்தவர்கள்தான் கடைசியில் கத்திக்குக் கழுத்தை நீட்டினார்கள்.

ஒரு விரல், ஒரு கத்தி, ஒரு கொக்கி

கல்லை வெட்டி எடுக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. சுஸ்ருத சம்ஹிதை இதை விரிவாகச் சொல்கிறது. நோயாளியை ஒருவர் மடியில் சாய்த்து, முழங்கால்களை மடக்கிக் கட்டிவிட வேண்டும். மருத்துவர் எண்ணெய் தடவிய இடதுகை விரல்களை ஆசனவாய்க்குள் விட்டு, கல்லை முன்பக்கமாகத் தள்ளிக் கொண்டுவருவார். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, மையக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, கல்லின் அளவுக்குக் கீறுவார். பிறகு நுனி வளைந்த கருவியால் கல்லைக் கொக்கிபோல் இழுத்து எடுப்பார். கல் உடையக் கூடாது, சிறு துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் அதுவே மறுபடி வளரும் என்று அந்த நூல் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும். அறுவைக்கு முன் அரசரின் அனுமதி பெற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. செய்யாவிட்டால் சாவு நிச்சயம், செய்தால் பிழைப்பது சந்தேகம் என்கிற அளவுக்கு ஆபத்தான வேலை.

ரோமில் முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதி வைத்ததும் ஏறக்குறைய இதே முறைதான். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் மருத்துவர்கள் எடுத்த உறுதிமொழியில், கல்லுக்காக வெட்ட மாட்டேன், அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்று ஒரு வரியே உண்டு. அதனால் ஐரோப்பாவில் கல் எடுப்பவர்கள் தனிக் கூட்டமாக ஊர் ஊராகச் சுற்றினார்கள். வெட்டிவிட்டு, நோயாளி சாவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற கெட்ட பெயரும் அவர்களுக்கு இருந்தது.

1522-ல் இத்தாலிய மருத்துவர் மரியானோ சாந்தோ புது முறை ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். விரலுக்குப் பதிலாகக் கருவிகள் வந்தன. முதுகில் பள்ளம் வெட்டிய வளைந்த உலோகக் கம்பி ஒன்று சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போகும். கத்தி அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே பை வரை இறங்கும். ரயிலுக்குத் தண்டவாளம் மாதிரி. அடுத்து, வழியை அகலப்படுத்த விரிப்பான்கள். கல்லைப் பிடிக்க நீண்ட இடுக்கி. மிச்சத்தை வழிக்கக் கரண்டி. கருவிகள் நிறைய வேண்டியிருந்ததால் இதற்குப் ‘பெரிய முறை’ என்றும், பழையதற்குச் ‘சிறிய முறை’ என்றும் பெயர் வந்தது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு கால்களையும் தூக்கி மடக்கிப் பிடிக்கும் அந்த நிலை இன்றும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. பிரசவ அறையில் ‘லித்தாட்டமி பொசிஷன்’ என்கிறார்களே, அதேதான். லித்தோஸ் என்றால் கிரேக்கத்தில் கல். ‘டாமி’ என்றால் வெட்டுவது. குழந்தை பிறப்பதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிழைத்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1658 மார்ச் 26-ல், தன் 25-வது வயதில், டென்னிஸ் பந்தளவு கல்லை எடுத்துக்கொண்டவர். ஆண்டுதோறும் அந்த நாளில் விருந்து வைத்தார். கல்லைப் பத்திரப்படுத்தத் தனியாக ஒரு பெட்டியே செய்து வாங்கினார்.

ஒரு நிமிடமும் ஒரு மணி நேரமும்

மயக்க மருந்து இல்லாத காலத்தில் வேகம்தான் கருணை. லண்டனின் வில்லியம் செசல்டன் 18-ம் நூற்றாண்டில் பக்கவாட்டாகக் கீறும் முறையைச் செம்மைப்படுத்தி, ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுத்துக் காட்டினார். அவர் கணக்குப்படி 213 பேரில் 20 பேர் இறந்தார்கள். பத்தில் ஒருவர் சாவது அன்று மகத்தான வெற்றி.

எல்லோர் கையும் செசல்டன் கை ஆகுமா? 1828 மார்ச்சில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் போலார்ட் என்ற 53 வயது கிராமத்து மனிதரை மேசையில் கட்டினார்கள். அறுவை செய்தவர் பிரான்ஸ்பி கூப்பர்; அன்று பெரும் புகழ்பெற்றிருந்த சர் ஆஸ்ட்லி கூப்பரின் அண்ணன் மகன். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கத்தி இறங்கியது, கல் சிக்கவில்லை. ஒரு கருவியை வைத்துவிட்டு இன்னொன்று, அதுவும் சரிப்படாமல் மறுபடி வேறொன்று என்று இடுக்கிகள் மாறிக்கொண்டே இருந்தன. கல் விரலுக்கு எட்டவில்லை. நீளமான விரல் யாருக்கு இருக்கிறது என்று கூடியிருந்தவர்களிடம் அளந்து பார்க்கும் அளவுக்குப் போனது. கட்டிக் கிடந்தவர் விட்டுவிடும்படி கெஞ்சினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துக் கல் வெளியே வந்தது. போலார்ட் மறுநாள் இறந்தார்.

‘லான்செட்’ இதழின் ஆசிரியர் தாமஸ் வாக்லி நடந்ததை அப்படியே அச்சிட்டார். திறமையால் அல்ல, உறவால் கிடைத்த பதவி என்று சாடினார். கூப்பர் 2,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். நீதிமன்றம் தந்தது 100 பவுண்டு. சட்டப்படி கூப்பர் ஜெயித்தார்தான். ஆனால் வேலை தெரியாதவர் கையில் நோயாளி படும் பாடு நான்கு சுவருக்குள் முடிந்துவிடாமல் ஊர் பேசும் விஷயமானது.

கிளாட் மார்ட்டின் எதற்குப் பயந்து அரத்தைக் கையில் எடுத்தார் என்று இப்போது புரியும்.

புது ஓட்டை வேண்டாம்

மார்ட்டின் செய்தது ஒரு தனிமனிதரின் துணிச்சல். அதன் பின்னால் இருந்த யோசனை மட்டும் சரியானது: வெட்டிப் புது வழி போடுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் வழியில் நுழைந்து கல்லைச் சிறிதாக்குவது. அதை மருத்துவ முறையாக்கியவர் பாரிஸைச் சேர்ந்த ஜான் சிவியால். 1824 ஜனவரி 13-ல் அவர் நோயாளி ஒருவரின் சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய நேரான குழாயைச் செலுத்தினார். உள்ளே போனதும் அதிலிருந்து மூன்று நகங்கள் விரிந்து கல்லைக் கவ்விக்கொண்டன. நடுவில் ஒரு துளைக்கருவி. தச்சர் வில் கட்டி இழுத்துத் துளை போடுவதுபோல் வெளியிலிருந்து சுழற்றினால், கல்லில் ஓட்டை விழும். பல ஓட்டைகள் விழுந்தால் கல் நொறுங்கும். கத்தி இல்லை, கீறல் இல்லை.

சிவியால் இன்னொரு காரியமும் செய்தார். பழைய முறையில் எத்தனை பேர் செத்தார்கள், புது முறையில் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டினார். ஐரோப்பா முழுவதும் திரட்டிய கணக்கில், வெட்டி எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறந்திருந்தார்கள். உடைத்து எடுத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான். 1835-ல் பாரிஸ் அறிவியல் கழகம் இதை ஆராய ஒரு குழு போட்டது. அதில் கணித மேதை புவாசோனும் இருந்தார். நோயாளிகளைத் தலை எண்ணிச் சிகிச்சையைத் தீர்மானிக்கலாமா, ஒவ்வொரு நோயாளியும் தனி ஆயிற்றே என்று அங்கே நடந்த விவாதம் மருத்துவ வரலாற்றில் பெரிய திருப்பம். ஒன்று உண்மைதான்: எளிய கேஸ்கள் உடைக்கும் முறைக்குப் போய், சிக்கலானவை கத்திக்கு வந்திருக்கலாம். எனவே இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் இடைவெளி சின்னதல்ல.

பார்க்காமல் உடைப்பது எப்படி?

சில ஆண்டுகளிலேயே துளைக்கருவி பழசாகிவிட்டது. 1832-ல் பாரோன் ஹெர்ட்லூப் கொண்டுவந்தது நுனி வளைந்த, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரு தாடைகள். கல்லை நடுவில் பிடித்துக்கொண்டு வெளிமுனையில் சுத்தியலால் தட்டுவார். பிறகு சுத்தியலின் இடத்தில் திருகு வந்தது. பட்டறைகளில் இரும்பைப் பிடிக்கும் ‘வைஸ்’ மாதிரி, திருகத் திருகத் தாடைகள் இறுகிக் கல் படீரென்று உடையும். இதுதான் ‘லித்தோட்ரைட்’.

சிக்கல் என்னவென்றால், இது முழுக்க முழுக்கக் குருட்டு வேலை. சிறுநீர்ப்பை ஈரமான பலூன் மாதிரி மெல்லிய தசைப்பை. தாடைகளுக்கு நடுவே சிக்கியிருப்பது கல்லா, பையின் சுவரா என்பதைக் கைக்கு வரும் உணர்வை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். உலோகம் கல்லில் தட்டும்போது எழும் ‘டிக்’ ஓசைக்குக் காது கொடுப்பார்கள். திருகுவதற்கு முன் கருவியை மெதுவாகச் சுழற்றி, எங்கும் ஒட்டாமல் தண்ணீருக்குள் சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். சுவர் சிக்கியிருந்தால் அங்கேயே கிழிசல்.

இன்னொரு சிக்கல், உடைந்த துண்டுகள். பை நீண்ட நேரம் கருவியைத் தாங்காது என்று அன்று நம்பினார்கள். அதனால் சில நிமிடம் உடைத்துவிட்டு, துண்டுகள் தானாகச் சிறுநீரில் வரட்டும் என்று விட்டு, சில நாள் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி. வரும் வழியெல்லாம் கீறிக்கொண்டு வரும். பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன், பதவியிழந்து இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது இந்த முறையில்தான் சிகிச்சை எடுத்தார். சர் ஹென்றி தாம்சன் இரண்டு முறை கல்லை உடைத்தார். மூன்றாம் முறைக்கு முன், 1873 ஜனவரி 9-ல், நெப்போலியன் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பாதிக் கல் உள்ளேயே இருந்தது. சிறுநீரகங்கள் ஏற்கெனவே மோசமாகக் கெட்டிருந்தன.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஹென்றி ஜேக்கப் பிகலோ இதைத் தலைகீழாக யோசித்தார். பையைக் கெடுப்பது கருவி உள்ளே இருக்கும் நேரமா, விட்டுவரும் சில்லுகளா? சில்லுகள்தான் என்பது அவர் முடிவு. 1878-ல் அவர் அறிவித்த முறையில், மயக்க மருந்து கொடுத்து, நேரத்தைப் பார்க்காமல் ஒரே அமர்வில் முழுக் கல்லையும் நொறுக்குவார். பிறகு 10 மில்லிமீட்டர் வரை தடித்த குழாயை விட்டு, ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கித் தண்ணீரை உள்ளே அடித்து, அது திரும்பும்போது துண்டுகளையும் உறிஞ்சி எடுப்பார். அவை கீழே ஒரு கண்ணாடிக் குப்பியில் விழும். துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது என்ற சுஸ்ருதரின் எச்சரிக்கை, வேறொரு வழியில் இங்கே வந்து சேர்ந்தது. அந்த ரப்பர் குமிழின் வாரிசான ‘எலிக் எவாக்குவேட்டர்’ இன்றும் யூராலஜி தியேட்டர்களில் இருக்கிறது. கண்ணாடி போய் பிளாஸ்டிக் ஆகிவிட்டது, அவ்வளவுதான் மாற்றம்.

பிகலோவின் முறை உடனடியாகப் பெருமளவில் கைக்கு வந்த இடங்களில் ஒன்று இந்தியா. வட இந்தியாவில் கல் நோயாளிகள் ஏராளம். இந்தோரில் இருந்த டெனிஸ் கீகன், சிறுவர்களின் பாதை மிகக் குறுகலானது, அவர்களுக்கு இது ஆகாது என்ற நம்பிக்கையை 1880-களில் உடைத்தார். சின்ன அளவுக் கருவிகளை வைத்துப் பையன்களுக்கும் செய்து காட்டினார். இதே காலத்தில் இந்திய மருத்துவப் பணியில் இருந்து கல் உடைப்பில் பேர் வாங்கியவர் பீட்டர் ஃப்ரேயர். அவர் லண்டன் திரும்பி, 1900-லிருந்து புகழ்பெற்றது வேறொரு அறுவையில்: வீங்கிய புராஸ்டேட்டை எடுப்பது. கல்லுக்கும் அதற்கும் உள்ள உறவை நினைத்தால் இது தற்செயலாகத் தோன்றவில்லை.

வெளிச்சம் வந்தது

1877-ல் ஜெர்மனியின் மாக்ஸிமிலியன் நிட்ஸே சிறுநீர்ப்பைக்குள் வெளிச்சத்தையே கொண்டுபோகும் சிஸ்டோஸ்கோப்பைக் காட்டினார். ஆரம்பத்தில் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பிதான் விளக்கு. சூடு தாங்காமல் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட வேண்டியிருந்தது. பிறகு சின்ன மின்விளக்குகள் வந்தன. 1960-களில் ஹெரால்ட் ஹாப்கின்ஸின் கண்ணாடித் தண்டு லென்ஸ்களும் ஒளியிழைகளும் வந்த பிறகு, பையின் உட்புறம் டிவி திரையில் பார்ப்பதுபோல் தெளிவானது. தாடைக்குள் இருப்பது கல்லா சுவரா என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை.

பார்க்க முடிந்ததும் உடைக்கும் ஆற்றலும் மாறியது. 1950-களில் சோவியத் யூனியனில் தண்ணீருக்குள் மின்பொறி பறக்கவிட்டு, அந்த அதிர்வில் கல்லை உடைக்கும் கருவி வந்தது. 1990-களில் சுவிட்சர்லாந்தின் ‘லித்தோகிளாஸ்ட்’ வந்தது. சாலை தோண்டும் ஜாக்ஹேமரைக் குட்டியாக்கி, காற்றழுத்தத்தில் ஒரு கம்பியைக் கல்லின் மேல் தடதடவென்று அடிக்கவைக்கும். விலை குறைவு, உழைப்பு அதிகம் என்பதால் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இன்றும் ஓடுகிறது. அதே காலத்தில் வந்ததுதான் ஹோல்மியம் லேசர். மெல்லிய கண்ணாடி இழை வழியாகப் போகும் அந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். இழையின் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூடச் சுவருக்குப் பெரிதாகப் பாதிப்பு இருக்காது. நொறுக்குவதற்குச் சுத்தியல், திருகு, கம்பி என்று அலைந்த ஆட்களுக்கு இது கனவு.

இன்று அப்பாவுக்குக் கல் என்றால்…

“லேசர்ல பொடிச்சு எடுத்துடலாம், பயப்படாதீங்க” என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் சரிதான். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எட்டு மில்லிமீட்டர் அளவுக் குழாயை விட்டு, உப்புநீர் ஓடவிட்டுக்கொண்டே உடைப்பார்கள். குழாய் அளவை ‘24 ஃப்ரெஞ்ச்’ என்று சொல்வதைக் கேட்கலாம். பாரிஸ் கருவி வினைஞர் ஷாரியேர் வகுத்த அளவு அது. மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். சிவியால் காலத்துப் பாரிஸ் இன்னும் தியேட்டரில்தான் இருக்கிறது.

எல்லாக் கல்லுக்கும் லேசர் என்றும் இல்லை. கல் மிகப் பெரிதாகவோ, நிறையக் கற்களாகவோ இருந்தால், மணிக்கணக்கில் குழாயை வைத்துப் பாதையைப் புண்ணாக்குவதைவிட, அடிவயிற்றில் சின்னத் துளை போட்டோ, திறந்தோ எடுப்பது மேல் என்று டாக்டர் சொல்லலாம். பாதை குறுகலான குழந்தைகளுக்கும் அப்படித்தான். “இந்தக் காலத்திலயும் கத்தியா?” என்று கேட்டுவிட்டு வேறு ஆஸ்பத்திரி தேட வேண்டியதில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பேர்போன, வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கும் சிகிச்சை இங்கே அவ்வளவு எடுபடாது. பைக்குள் கல் உருண்டுகொண்டே இருப்பதால் குறி நிற்பது கஷ்டம்.

வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்க்கலாமே என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான். ஆனால் மூன்று சென்டிமீட்டர் கல் அந்தப் பாதையில் தானாக வெளியே வர வழியே இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி லேசரைப் பற்றியதல்ல. “கல் ஏன் வந்தது?” என்பதுதான். புராஸ்டேட் அடைப்பு காரணம் என்றால், அதற்கு மருந்தா, ஆபரேஷனா, இதே அமர்வில் இரண்டையும் முடித்துவிடலாமா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கல்லை மட்டும் எடுத்துவிட்டு அடைப்பை அப்படியே விட்டால், தேங்கிய சிறுநீரில் அடுத்த கல்லுக்கு வேலை ஆரம்பமாகிவிடும்.

முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர்க் குழாய் இருக்கும். சிறுநீர் சில நாள் இளஞ்சிவப்பாகப் போகலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தக்கட்டி, சிறுநீர் அடியோடு நின்றுபோவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உடைத்து எடுத்த துகள்களைச் சின்ன டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்வார்கள். அதைத் தவிர்க்கக் கூடாது. யூரிக் அமிலக் கல் என்றால் ஒரு வைத்தியம், கிருமித் தொற்றால் வந்த கல் என்றால் வேறு. பீப்ஸ் மாதிரி பெட்டி செய்து வைக்க நினைத்தாலும், லேசருக்குப் பிறகு அதில் போட ஒரு சிட்டிகைத் தூள்தான் மிஞ்சும்.